இல்லாத ஊரை எழுப்பும் கலை

மனிதன் கண்ணால் கண்ட உலகைச் சுவரில் தீட்டினான், கல்லில் செதுக்கினான், சொல்லில் வடித்தான். காணாத உலகையும் கருத்தினால் கண்டு, அதனைப் பிறரும் காணுமாறு செய்ய முயன்றான். அம்முயற்சியின் புதியதொரு கிளையே கணிப்பொறியினுள் முப்பரிமாணச் சூழலைப் படைக்கும் கலையாகும். மலையும் காடும், தெருவும் மாளிகையும், கடலும் வானும் இக்கலையில் எழுகின்றன. அவற்றை எழுப்பக் கல்லும் மரமும் வேண்டுவதில்லை, எண்களே போதும். அனிமேஷன் எனப்படும் அசைவூட்டப் படங்களிலும், கணிப்பொறி விளையாட்டுகளிலும் காணப்படும் முப்பரிமாண ஊர்கள் இவ்வாறு எழுந்தவையே.

இக்கலையைக் கற்க விரும்பும் இளைஞர் இன்று பலர். விரைவாக இயங்கும் கணிப்பொறியும் விலையுயர்ந்த கருவியும் கிடைத்துவிட்டால் கலை தானே கைவந்துவிடும் என்று அவருள் சிலர் எண்ணுகின்றனர். அவ்வெண்ணம் பொருந்துமா? இக்கலை பிறந்து வளர்ந்த வரலாற்றை நோக்கினால் அதற்குரிய விடை கிடைக்கும்.

ஓவியமும் சூழலும்

ஓவியத்திற்கு நீளமும் அகலமும் உண்டு; ஆழம் இல்லை. ஆழம் இருப்பதுபோல் தோன்றச் செய்வது ஓவியனுடைய திறமை. அருகில் உள்ள தூணைப் பெரிதாகவும், தொலைவில் உள்ள தூணைச் சிறிதாகவும் அவன் வரைகிறான். எனினும், ஓவியத்தில் உள்ள வீட்டின் பின்புறத்தை எவராலும் காண இயலாது. பின்புறம் என ஒன்று அங்கே இல்லை. கணிப்பொறியில் அமைக்கும் வீடோ அத்தகையது அன்று. அதனைச் சுற்றி வரலாம். படியேறி உள்ளே புகலாம். சாளரத்தின் வழியே வெளியே நோக்கலாம். நீளம், அகலம், உயரம் என்னும் மூன்று அளவுகளும் பெற்றிருத்தலின் அது முப்பரிமாணச் சூழல் எனப்பட்டது.

படத்திற்கு அமைக்கும் சூழலுக்கும் விளையாட்டிற்கு அமைக்கும் சூழலுக்கும் வேறுபாடு உண்டு. திரைப்படத்தில் ஒரு நொடிக்கு 24 படங்கள் ஓடுகின்றன. அவை யாவும் முன்னரே செய்து முடிக்கப்பெற்றவை. ஒரே ஒரு படத்தைக் கணித்து முடிக்கக் கணிப்பொறி பல மணி நேரம் எடுத்துக்கொண்டாலும் குற்றமில்லை. 1995ஆம் ஆண்டில் வெளிவந்த 'டாய் ஸ்டோரி' முழுவதும் கணிப்பொறியாலேயே ஆக்கப்பெற்ற முதல் முழுநீள அசைவூட்டப் படமாகும். அதன் படங்கள் பல அவ்வாறு நெடுநேரம் கணிக்கப்பெற்றவையே. மேலும், எங்கிருந்து காட்சியைக் காட்டுவது என்பதை இயக்குநரே முடிவு செய்வதால், காட்டப்படாத பக்கத்தை அமைக்காமலே விட்டுவிடலாம்.

விளையாட்டிலோ, பார்க்கும் கண் விளையாடுபவருடையது. அவர் நினைத்த பக்கம் திரும்புவார். நினைத்த சந்தில் நுழைவார். அவர் திரும்பிய அக்கணமே புதிய காட்சி தோன்றுதல் வேண்டும். நொடிக்கு 30 அல்லது 60 படங்களைக் கணிப்பொறி அவ்வப்போதே வரைந்து தருகிறது. எனவே, படத்திற்குச் சூழல் அமைப்பவர் நாடக மேடைக்குத் திரைச்சீலை கட்டுபவரை ஒப்பர். விளையாட்டிற்கு அமைப்பவர் நான்கு புறமும் சுவர் எழுப்பும் கொத்தனாரை ஒப்பர்.

ஒரு தேநீர்க் கெண்டியின் கதை

1963ஆம் ஆண்டில் அமெரிக்க நாட்டின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் இவான் சதர்லாந்து என்னும் மாணவர் 'ஸ்கெட்ச்பேட்' என்னும் ஏற்பாட்டை உருவாக்கினார். ஒளிப்பேனா ஒன்றைத் திரையில் வைத்து இழுத்தால் கோடு தோன்றியது. பெரும்பாலும் எண்களையும் எழுத்துகளையும் கையாண்டு வந்த கணிப்பொறியோடு மனிதன் படம் வரைந்து உரையாடலாம் என்பதை அது மெய்ப்பித்தது. 1968ஆம் ஆண்டில் சதர்லாந்து யூட்டா பல்கலைக்கழகம் சென்று, டேவிட் எவன்ஸ் என்னும் பேராசிரியரோடு சேர்ந்து பணியாற்றினார். அங்கே கூடிய மாணவர்கள் இக்கலைக்கு அடித்தளம் இட்டனர்.

அம்மாணவர் வளைந்த உருவங்களைக் கணிப்பொறிக்கு எவ்வாறு கற்பித்தனர் என்பது அறியத்தக்கது. பிரான்சு நாட்டினராகிய ஆன்றி கூரோ என்பவர் 1971ஆம் ஆண்டில், தம் மனைவியின் முகத்தின்மேல் கோடுகள் வரைந்து, அம்முகத்தைச் சிறு சிறு பரப்புகளாகப் பிரித்து, அவற்றின் முனைகளை அளந்து கணிப்பொறிக்குத் தந்தார். எட்வின் காட்முல் என்பவர் 1972ஆம் ஆண்டில் தம் இடக்கையை அச்செடுத்து, அதன்மேல் பலகோணங்கள் வரைந்து, அவற்றை அளந்து, விரல் மடக்கி அசையும் கையைத் திரையில் தோற்றுவித்தார். பிற்காலத்தில் 'டாய் ஸ்டோரி'யைப் படைத்த பிக்சார் நிறுவனத்தைத் தோற்றுவித்தவருள் இவரும் ஒருவர். வியட்நாமில் பிறந்த புய் துவாங் ஃபோங் என்பவர் பளபளப்பான பொருளின்மேல் ஒளி விழும்போது தோன்றும் வெண்சுடரைக் கணக்கிடும் முறையை வகுத்தார். 1975ஆம் ஆண்டில் அவர் இளமையிலேயே மறைந்தார். அவர் பெயர் தாங்கிய அம்முறை இன்றும் வாழ்கின்றது.

அதே பல்கலைக்கழகத்தில் மார்ட்டின் நியூவெல் என்பவரும் ஆராய்ச்சி செய்துவந்தார். தம் முறைகளைச் சோதிக்கத்தக்க நல்ல உருவம் ஒன்று அவருக்குத் தேவைப்பட்டது. உருண்டையும் பெட்டியும் மிக எளியனவாய் இருந்தன. வீட்டில் தேநீர் அருந்தும் வேளையில் தம் மனைவி சாண்ட்ராவிடம் அவர் இதைக் கூற, தேநீர்க் கலங்களையே வரைந்து பார்க்கலாமே என்றார் அம்மையார். நியூவெல் கட்டத் தாளையும் பென்சிலையும் எடுத்து, எதிரே இருந்த தேநீர்க் கெண்டியைக் கண்ணால் நோக்கிக் கையால் வரைந்தார். பின்னர் அவ்வரைபடத்தின் புள்ளிகளைக் கணிப்பொறியில் ஏற்றினார். இது நிகழ்ந்தது 1975ஆம் ஆண்டில்.

அக்கெண்டி எளிய பொருளே ஆயினும் அருங்குணங்கள் பல உடையது. அதன் வயிறு உருண்டது. கைப்பிடியின் நடுவே வெற்றிடம் உண்டு. மூக்கின் நிழல் உடலின்மேல் விழும். எனவே, ஒளி, நிழல், வளைவு ஆகிய அனைத்தையும் அதைக் கொண்டே சோதிக்கலாம். உலகெங்கும் உள்ள ஆராய்ச்சியாளர் அதன் எண்களைப் பெற்றுத் தம் சோதனைகளுக்குப் பயன்படுத்தினர். உண்மைக் கெண்டி இன்று கலிபோர்னியாவில் உள்ள கணிப்பொறி வரலாற்று அருங்காட்சியகத்தில் வைக்கப்பெற்றுள்ளது. முகம், கை, கெண்டி என இக்கலையின் முன்னோடிகள் எடுத்துக்கொண்டவை யாவும் அவர் கண்முன்னே இருந்த பொருள்கள். அவற்றை உற்று நோக்கி அளந்ததே அவர் செய்த முதற்பணி.

புள்ளியிலிருந்து பொருள் வரை

கணிப்பொறிக்கு வீடு தெரியாது, மரம் தெரியாது, எண் ஒன்றே தெரியும். வெளியில் உள்ள ஒரு புள்ளியைக் குறிக்க மூன்று எண்கள் வேண்டும். வலப்புறம் எவ்வளவு, முன்புறம் எவ்வளவு, மேற்புறம் எவ்வளவு என்பவையே அவை. வரைகணிதத்தில் மாணவர் பயிலும் அச்சுகளோடு மேலும் ஓர் அச்சைச் சேர்த்தல் இதுவாகும். இரு புள்ளிகளை இணைத்தால் விளிம்பு பிறக்கும். விளிம்புகள் சூழ்ந்தால் முகம் பிறக்கும். ஒரு கனசதுரத்திற்கு எட்டு முனைகள், பன்னிரண்டு விளிம்புகள், ஆறு முகங்கள். அதன் மேல்முகத்தைப் பற்றி இழுத்தால் தூணாகும்; பக்கமுகத்தை இழுத்தால் சுவராகும்; சுவரை வெட்டினால் வாயிலாகும். இவ்வாறு முகங்கள் பல சேர்ந்த அமைப்பு மீன்வலைபோல் தோன்றுதலின், அதனை மெஷ், அதாவது வலை என வழங்குவர்.

கணிப்பொறி ஈற்றில் எல்லா முகங்களையும் முக்கோணங்களாகப் பிரித்தே வரைகிறது. மூன்று கால் முக்காலி எத்தரையிலும் ஆடாமல் நிற்கும். நான்கு கால் நாற்காலியோ மேடுபள்ளத்தில் ஆடும். அதுபோல, மூன்று புள்ளிகள் எப்போதும் ஒரே தளத்தில் அமையும். நான்காவது புள்ளி தளத்தை விட்டு விலகக்கூடும். முக்கோணத்தின் சிறப்பு இதுவே.

முக்கோணங்கள் மிகுந்தால் உருவம் செம்மையுறும். கணிப்பொறியின் சுமையும் கூடும். ஆகவே, விளையாட்டு அமைப்பவர் சிக்கனம் அறிந்தவராதல் வேண்டும். அருகில் உள்ள மரத்திற்கு ஆயிரக்கணக்கான முக்கோணங்களைச் செலவிடுவர். தொலைவில் உள்ள அதே மரத்திற்குச் சிலவற்றையே தருவர். மனிதனின் கண் தொலைவில் உள்ள மரத்தின் இலைகளை எண்ணுவதில்லை என்பதை அறிந்ததனால் எழுந்த உத்தி இது.

உருவம் அமைந்தபின் அதன்மேல் நிறமும் புள்ளியும் கீறலும் தோன்ற வேண்டும். மரத்தின் பட்டையையோ செங்கல்லின் சொரசொரப்பையோ படமாக்கி உருவத்தின்மேல் போர்த்துதலை டெக்ஸ்சர் என்பர். இம்முறையைக் காட்முல் 1974ஆம் ஆண்டில் தம் ஆராய்ச்சி ஏட்டில் விளக்கினார். உருண்ட பொருளின்மேல் தட்டையான படத்தை எவ்வாறு போர்த்துவது? தைத்த சட்டையின் தையலைப் பிரித்தால், அது தட்டையான துணித் துண்டுகளாகும். அவ்வாறே உருவத்தையும் சில விளிம்புகளில் பிரித்துத் தட்டையாக விரித்து, அதன்மேல் படத்தைத் தீட்டி, மீண்டும் மூடுவர். 1978ஆம் ஆண்டில் ஜேம்ஸ் பிளின் என்பவர் மற்றொரு வழி கண்டார். பரப்பில் உண்மையான மேடுபள்ளம் அமைக்காமல், அவை இருந்தால் ஒளி எவ்வாறு மாறுபடுமோ அவ்வாறு மட்டும் கணக்கிட்டு, சொரசொரப்பைத் தோன்றச் செய்தார். அதனால் முக்கோணங்கள் பெருகாமலே பரப்பு உயிர்ப்புப் பெற்றது.

மலையும் அதன் கணக்கும்

வீட்டை அளந்து அமைக்கலாம். மலையை அளந்து அமைத்தல் எளிதன்று. அதன் ஒவ்வொரு பாறையும் வேறு. பாறையின்மேல் உள்ள ஒவ்வொரு பிளவும் வேறு. லாரன் கார்ப்பென்டர் என்பவர் போயிங் என்னும் வானூர்தி நிறுவனத்தில் கணிப்பொறிப் பணி புரிந்தார். வானூர்திப் படங்களுக்குப் பின்னே உண்மை போன்ற மலைகள் தோன்ற வேண்டும் என்பது அவர் விருப்பம். அக்காலத்தில் பெனுவா மாண்டல்பிராட் என்னும் கணித அறிஞர் எழுதிய நூல் அவர் கைக்குக் கிடைத்தது. கடற்கரையின் ஒரு சிறு பகுதியும் முழுக் கடற்கரையைப் போலவே வளைந்து நெளிந்து காணப்படும். மலையிலிருந்து உடைந்த கல்லும் மலையின் சாயலையே கொண்டிருக்கும் என்னும் கருத்தை அவ்வறிஞர் கணிதமாக விளக்கியிருந்தார். அத்தகைய உருவங்களுக்கு அவர் 'ஃப்ராக்டல்' எனப் பெயரிட்டார்.

கார்ப்பென்டர் அதனைச் செயலுக்குக் கொணர்ந்தார். ஒரு பெரிய முக்கோணத்தை எடுத்து, அதன் ஒவ்வொரு பக்கத்தின் நடுப்புள்ளியையும் சிறிது மேலோ கீழோ நகர்த்தினால், ஒன்று நான்கு முக்கோணங்களாகும். அந்நான்கிலும் அவ்வாறே செய்தால் பதினாறாகும். ஒவ்வொரு முறையும் நகர்த்தும் அளவைக் குறைத்துக்கொண்டே சென்றால், முதலில் சிகரமும், பின்னர்ப் பாறையும், அதன்பின் கூழாங்கல்லும் தோன்றும். பத்து முறை இவ்வாறு பிரித்தால் ஒரே முக்கோணம் 10,48,576 முக்கோணங்களாகப் பெருகிவிடும். 1980ஆம் ஆண்டில் சியாட்டில் நகரில் கூடிய கணிப்பொறி வரைகலை மாநாட்டில், மலைகளின்மேல் பறந்து செல்வது போன்ற சிறு படம் ஒன்றை அவர் காட்டினார். கூடியிருந்த வல்லுநர் வியந்தனர். லூகாஸ் ஃபிலிம் நிறுவனம் அவரைத் தன் பணிக்கு அழைத்துக்கொண்டது. 1982ஆம் ஆண்டில் வெளிவந்த 'ஸ்டார் டிரெக்' வரிசையின் இரண்டாம் படத்தில், உயிரற்ற கோள் ஒன்று மலையும் கடலும் பெற்றுத் தழைக்கும் காட்சியில் அம்முறை பயன்பட்டது.

மலையை உற்று நோக்கி அதன் இயல்பை உணர்ந்த கணித அறிஞர் ஒருவர் முன்னர் இருந்ததனாலேயே, பின்வந்தவர் மலையைப் படைக்க முடிந்தது.

ஒளியும் நிழலும்

அறை ஒன்றை அமைத்து அதில் விளக்கு ஏற்றினால் போதும் என்று தொடக்கத்தில் எண்ணினர். அவ்வாறு செய்தபோது, விளக்கொளி நேரே விழாத இடமெல்லாம் மைபோல் கறுத்தது. உண்மையான அறையில் நிழல் முற்றிலும் இருண்டு கிடப்பதில்லை. சுவரில் பட்ட ஒளி தரைக்குச் செல்கிறது. தரையில் பட்ட ஒளி கூரைக்குச் செல்கிறது. செல்லும்போது தான் பட்ட பொருளின் நிறத்தையும் ஏந்திச் செல்கிறது.

கார்னெல் பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர் இதனை ஆராய ஓர் எளிய பெட்டியை எடுத்துக்கொண்டனர். அதன் ஒரு பக்கச் சுவர் சிவப்பு, எதிர்ச் சுவர் நீலம், மற்றவை வெண்மை. 1984ஆம் ஆண்டில் அவர் வெளியிட்ட படத்தில், சிவப்புச் சுவரை அடுத்த வெண்பரப்பு மெல்லிய சிவப்பும், நீலச் சுவரை அடுத்த வெண்பரப்பு மெல்லிய நீலமும் பெற்று விளங்கின. மேலும், அத்தகைய பெட்டியை உண்மையாகவே செய்து வைத்து, கணக்கினால் பிறந்த படத்தை மெய்ப்பொருளோடு ஒப்பிட்டுப் பார்த்தனர். தாம் கணித்தது அழகாய் இருக்கிறதா என்று மட்டும் கேளாமல், உண்மையோடு ஒத்திருக்கிறதா என்றும் கேட்டமையே அவர்தம் பெருமை. 1986ஆம் ஆண்டில் ஜேம்ஸ் கஜியா என்பவர் ஒளி செல்லும் வழிகள் அனைத்தையும் ஒரே சமன்பாட்டில் அடக்கிக் காட்டினார். இக்காலத் திரைப்படங்களின் ஒளியமைப்புக்கு அதுவே அடிப்படை.

இவ்வுண்மையை அறியக் கணிப்பொறியும் வேண்டுவதில்லை. வெயில் படும் இடத்தில் சிவப்பு அட்டை போட்ட புத்தகத்தை நிறுத்தி, அதனருகே வெள்ளைத் தாளை வைத்தால், தாளின் ஓரம் சிவந்து தோன்றுவதை எவரும் காணலாம். காணாதவர் பலர், கண் இல்லாமையால் அன்று, கருதிப் பாராமையால்.

பொதுச்சொத்தான கருவி

இக்கலைக்குரிய கருவிகள் நெடுங்காலம் விலை மிக்கனவாய் இருந்தன. செல்வமுடைய நிறுவனங்களே அவற்றைப் பெற முடிந்தது. அந்நிலையை மாற்றியவற்றுள் 'பிளெண்டர்' என்னும் மென்பொருள் தலையாயது. நெதர்லாந்து நாட்டைச் சேர்ந்த டான் ரூசெண்டால் என்பவர் 1994ஆம் ஆண்டில் தம் படப்பிடிப்பகத்தின் தேவைக்காக அதனை உருவாக்கத் தொடங்கினார். பின்னர் அதனைப் பரப்ப ஒரு நிறுவனம் அமைந்தது. 2002ஆம் ஆண்டில் அந்நிறுவனம் மூடப்பட்டது. மென்பொருளின் உரிமை முதலீட்டாளர் கையில் தங்கிவிட்டது. எவருக்கும் பயன்படாமல் அது மறைந்துபோகும் நிலை நேர்ந்தது.

ரூசெண்டால் மனம் தளரவில்லை. 1,00,000 யூரோ தந்தால் மென்பொருளைப் பொதுமக்களுக்கு விடுவிக்க முதலீட்டாளர் இசைந்தனர். அவர் உலகத்தாரிடம் வேண்டுகோள் விடுத்தார். பல நாடுகளில் இருந்த பயனாளர்கள் தம்மால் இயன்றதை அனுப்பினர். ஏழே வாரங்களில் தொகை நிறைந்தது. 2002 அக்டோபர் 13ஆம் நாள், பிளெண்டரின் மூலநிரல் முழுவதும் எல்லார்க்கும் உரியதாக வெளியிடப்பெற்றது. அன்றுமுதல் எவரும் அதனை விலையின்றிப் பெறலாம், பயன்படுத்தலாம், திருத்தலாம், பிறர்க்கும் வழங்கலாம். 2006ஆம் ஆண்டில் அதனைக் கொண்டு ஆக்கிய 'எலிபன்ட்ஸ் டிரீம்' என்னும் குறும்படத்தின் கோப்புகளும் படத்தோடு சேர்த்து வழங்கப்பெற்றன. ஒரு காட்சி எவ்வாறு கட்டப்பட்டது என்பதைக் கற்பவர் பிரித்துப் பார்த்தே அறிய அதனால் வழி பிறந்தது.

அக்கருவியின் பயன் பின்னர் உலகறிய விளங்கிற்று. லாத்வியா என்னும் சிறிய நாட்டைச் சேர்ந்த கின்ட்ஸ் ஜில்பலோடிஸ் என்னும் இளைஞர், 2019ஆம் ஆண்டில் வெளிவந்த 'அவே' என்னும் முழுநீளப் படத்தைத் தாம் ஒருவராகவே உருவாக்கினார். அதன் இசையும் அவர் அமைத்ததே. அடுத்து, ஒரு சிறு குழுவோடு சேர்ந்து, பிளெண்டரைக் கொண்டு 'ஃப்ளோ' என்னும் படத்தை ஆக்கினார். பெருவெள்ளம் சூழ்ந்த உலகில் ஒரு பூனை படகேறித் தப்பிச் செல்வதே அதன் கதை. அப்படத்தில் மனிதர் எவரும் தோன்றுவதில்லை, பேச்சும் இல்லை. காடும் நீரும் ஒளியும் இடிந்த நகரமுமே கதையை நடத்திச் செல்கின்றன. காட்சிகளை முன்கூட்டியே தாளில் வரைந்துகொள்வது இயக்குநர் பலரின் வழக்கம். ஜில்பலோடிஸ் அவ்வாறு செய்யாமல், முதலில் இடத்தைக் கணிப்பொறியில் அமைத்து, அதனுள்ளே ஒளிப்படக் கருவியோடு உலவித் தம் காட்சிகளைத் தேடிக்கொண்டார். 2024ஆம் ஆண்டில் வெளிவந்த அப்படம், 2025ஆம் ஆண்டில் சிறந்த முழுநீள அசைவூட்டப் படத்திற்குரிய ஆஸ்கர் பரிசைப் பெற்றது. லாத்விய நாடு ஆஸ்கர் பரிசு பெற்றது அதுவே முதன்முறை.

கருவி விலையின்றிக் கிடைத்தது. அஃது அனைவர்க்கும் கிடைக்கிறது. ஆயினும், நீரின்மேல் ஒளி எவ்வாறு நடுங்கும், நனைந்த பூனை எவ்வாறு உடலைச் சிலிர்க்கும் என்பவற்றைக் கருவி எவர்க்கும் கற்பிப்பதில்லை.

எரிந்த ஆலயமும் எஞ்சிய அளவும்

பாரிஸ் நகரில் உள்ள நோத்ர தாம் பேராலயம் 12ஆம் நூற்றாண்டில் கட்டத் தொடங்கப்பெற்றது. ஆண்ட்ரூ டாலன் என்னும் கலை வரலாற்றுப் பேராசிரியர், அவ்வாலயத்தின் கட்டட நுட்பத்தை அறியும் ஆர்வத்தால், 2010ஆம் ஆண்டில் லேசர் ஒளியைக் கொண்டு அதனை அளந்தார். ஒளிக்கதிர் சுவரில் பட்டு மீளுதலைக் கொண்டு அச்சுவரின் தொலைவைக் கணக்கிடும் கருவி அது. ஆலயத்தின் உள்ளும் புறமுமாக ஐம்பதுக்கு மேற்பட்ட இடங்களில் அக்கருவியை நிறுத்தி, நூறு கோடிக்கும் மிகுதியான புள்ளிகளை அவர் தொகுத்தார். 2018ஆம் ஆண்டில் அவர் காலமானார்.

இதற்கிடையில், 2014ஆம் ஆண்டில் யூபிசாஃப்ட் நிறுவனம் 'அசாசின்ஸ் கிரீட் யூனிட்டி' என்னும் விளையாட்டை வெளியிட்டது. பிரெஞ்சுப் புரட்சிக் காலத்துப் பாரிஸ் நகரம் அதில் எழுப்பப்பெற்றது. அதில் உள்ள பேராலயமும் கண்டாரை வியக்கவைத்தது.

2019 ஏப்ரல் 15ஆம் நாள் மாலை ஆலயத்தில் தீப்பற்றியது. பழமை வாய்ந்த மரக்கூரை எரிந்தது. நடுவே ஓங்கியிருந்த கூர்ங்கோபுரம் சாய்ந்து வீழ்ந்தது. அச்செய்தி கேட்டு வருந்தியோருள் பலர், விளையாட்டில் உள்ள ஆலயத்தைக் கொண்டே உண்மை ஆலயத்தை மீண்டும் கட்டலாம் என்று பேசினர். அஃது இயல்வதன்று. விளையாடுபவர் சுவரைப் பற்றி ஏறுவதற்கும் தாவுவதற்கும் ஏற்ப அவ்வுருவம் மாற்றப்பட்டிருந்தது. கதை நிகழும் காலத்தில் இல்லாத கூர்ங்கோபுரமும் அதில் இடம்பெற்றிருந்தது. பழைய கோபுரம் 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் இறக்கப்பட்டது. விளையாட்டில் உள்ள கோபுரமோ 19ஆம் நூற்றாண்டில் வியோலே லெ டுக் என்னும் கட்டடக் கலைஞர் எழுப்பியது. இதனைக் குற்றம் எனல் ஆகாது. மகிழ்விப்பது விளையாட்டின் நோக்கம்; அந்நோக்கம் நிறைவேறிற்று. ஆலயத்தை மீட்கும் பணிக்கு உதவிய ஆவணங்களுள் டாலன் அளந்து வைத்த அளவுகள் சிறந்த இடம் பெற்றன. 2024 டிசம்பரில் பேராலயம் மீண்டும் திறக்கப்பெற்றது. அளந்தவர் அதனைக் காண உயிரோடு இல்லை. அவர் அளந்தது இருந்தது.

உண்மைபோல் தோன்றும் உருவம் வேறு. உண்மையை அளந்த உருவம் வேறு. இரண்டற்கும் பயன் உண்டு. எதனைத் தாம் செய்கிறோம் என்பதைப் படைப்பவர் தெளிந்திருத்தல் வேண்டும். நல்ல கலைஞர் உண்மையை அறிந்த பின்னரே அதனை மாற்றுவர். அறியாமையால் மாற்றுவது பிழையாகும்.

கற்பவர் கைக்கொள்ள வேண்டியவை

இக்கலையைக் கற்கத் தொடங்குவோர் முதல் நாளே பெருநகரம் ஒன்றைப் படைக்க விழைவர். சில நாளில் களைத்துக் கைவிடுவர். ஒரு படிக்கட்டு, ஒரு கதவு, ஒரு கிணற்றடி எனச் சிறியதை எடுத்து, அதனை முற்ற முடித்தலே நல்ல தொடக்கம். தொடங்கிய நூறு வேலைகளைவிட முடித்த ஒரு வேலை மிகுதியாகக் கற்பிக்கும்.

அமைக்குமுன் அளத்தல் வேண்டும். வீட்டுப் படியின் உயரம் பெரும்பாலும் 15 முதல் 18 சென்டிமீட்டர் வரை இருக்கும். அதனை 30 சென்டிமீட்டராக அமைத்தால், காரணம் அறியாதவரும் ஏதோ பிழை இருக்கிறது என உணர்வர். அளவுநாடா ஒன்றைக் கையில் வைத்திருத்தல் இக்கலை பயில்வோர்க்கு இன்றியமையாதது.

அளத்தலினும் அரியது நோக்குதல். தொடக்கநிலை மாணவர் அமைக்கும் அறை, நேற்றுக் கட்டி முடித்ததுபோல் மாசற்று விளங்கும். மனிதர் வாழும் இடம் அவ்வாறு இராது. படியின் நடுவிடம் தேய்ந்திருக்கும். கதவில் கைபடும் இடம் கறுத்திருக்கும். மழைநீர் வழிந்த சுவரில் பாசிக் கறை நீண்டிருக்கும். அத்தேய்வும் கறையும் அங்கே வாழ்ந்தோரின் வரலாறு. அவற்றை எங்கே இடுவது என அறிந்தவர், ஆளில்லா அறையிலும் வாழ்வைக் காட்டுவர். கண்ட இடத்திலெல்லாம் கறையை அப்புபவர் அழுக்கை மட்டுமே காட்டுவர்.

பள்ளியில் பயிலும் பாடங்களும் இக்கலைக்குத் துணை செய்வனவே. புள்ளியை நகர்த்தவும் திருப்பவும் வரைகணிதமும் முக்கோணவியலும் வேண்டும். ஒளியை அறிய இயற்பியல் வேண்டும். மரம் கிளைக்கும் முறையை அறியத் தாவரவியல் வேண்டும். பழைய நகரை எழுப்ப வரலாறு வேண்டும். பென்சிலால் தாளில் வரையும் பழக்கம் கண்ணையும் கையையும் ஒருங்கே பழக்கும். பிறர் அமைத்த உருவங்களைப் பயன்படுத்தும்போது, உரியவரின் இசைவு பெறுதலும் அவர் பெயரைக் குறித்தலும் நேர்மையாகும்.

ஒரு பொருளைச் செய்து பார்க்க முற்படும்போதே, அதனை இதுகாறும் சரியாகப் பார்த்ததில்லை என்பது விளங்கும். நாள்தோறும் ஏறி இறங்கும் வீட்டுப் படிகள் எத்தனை, எவ்வளவு உயரம், எங்கே தேய்ந்தவை, மாலை வெயில் அவற்றின்மேல் எப்போது விழும் என்று வினவினால், உடனே விடை கூற வல்லவர் சிலரே. அவ்வினாக்களோடு படியருகே சென்று அமர்ந்து, அளவுநாடாவும் தாளும் பென்சிலும் கொண்டு பார்க்கத் தொடங்கும் மாணவர், கணிப்பொறி முன் அமருவதற்கு முன்பே இக்கலையைக் கற்கத் தொடங்கிவிட்டார் எனலாம்.

பயிற்சி

1. படத்திற்கு அமைக்கும் சூழலுக்கும் விளையாட்டிற்கு அமைக்கும் சூழலுக்கும் உள்ள வேறுபாடுகள் யாவை?
2. தேநீர்க் கெண்டி ஆராய்ச்சிக்கு ஏற்ற பொருளாக அமைந்தது ஏன்?
3. ஒரு முக்கோணத்திலிருந்து மலை தோன்றும் முறையைப் படம் வரைந்து விளக்குக.
4. பிளெண்டர் பொதுச்சொத்தான வரலாற்றைச் சுருக்கி எழுதுக.
5. "உண்மைபோல் தோன்றும் உருவம் வேறு, உண்மையை அளந்த உருவம் வேறு." இக்கூற்றை நோத்ர தாம் பேராலயத்தின் வரலாறு கொண்டு ஆராய்க.
6. உங்கள் வகுப்பறையின் ஒரு மூலையை அளந்து, அதன் தேய்வு, கறை, ஒளி, நிழல் ஆகியவற்றை உற்று நோக்கி, ஒரு பக்க அளவில் வருணித்து எழுதுக.